எபிசோட் 37: ஐபாட், ஆம்ப்ளிஃபையர், அப்பாவோட காது

(பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் திருத்திப் போட்டிருக்கோம்.)

காட்டுப்பாக்கத்துல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். பூந்தமல்லி ரோடு ரெண்டு தெரு தள்ளித்தான், அதனால நடுவுல ஹாரன் சத்தம் வந்தா கண்டுக்காதீங்க.

ஹெட்ஃபோன் பத்தி எபிசோட் போட்டதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, வீட்ல பழைய ஸ்டீரியோ செட் இருக்கு. ஃபோனையோ எம்பி3 பிளேயரையோ அதுல கனெக்ட் பண்ணா சவுண்ட் நல்லா வருமா? எந்த டிஏசி வாங்கணும்?" போன வருஷம் கேட்டிருந்தா மடமடன்னு ஒரு ஷாப்பிங் லிஸ்ட் சொல்லியிருப்பேன். இப்ப சொல்ல மாட்டேன். ஏன்னா இதே வேலையை எங்க வீட்ல செஞ்சு, மூணு தப்பு பண்ணி, கடைசியில ஒரு ஈ.என்.டி. டாக்டர் முன்னாடி போய் உட்கார்ந்தேன். அந்தக் கதைதான் இன்னைக்கு. கேபிள் விஷயமும் முழுசா இருக்கு, பயப்படாதீங்க.

பரண் மேல இருந்த பெட்டி

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல பவர் பிரஸ் ஓட்டினவர். 28 வருஷம். தகடை உள்ள வெச்சா மேல இருந்து 'டங்'னு இறங்கி வெட்டுமே, அந்த மெஷின். அப்ப நாங்க அம்பத்தூர்லயே வாடகைக்கு இருந்தோம். நான் பிறந்த வருஷம், 1997ல, அப்பா போனஸ் பணத்துல ஒரு ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் பண்ணி வாங்கினாரு. கம்பெனி செட் வாங்குற அளவுக்கு வசதி இல்ல. ஓ.டி. பக்கத்துல ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணன், ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வாங்கிட்டு வந்து கட்டிக் கொடுத்தது. உள்ள எஸ்டிகே 4141 ஐசி. தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல அசெம்பிள்டு செட் வாங்கினவங்க வீட்டுக்கு அந்த நம்பர் தெரிஞ்சிருக்கும். ஒரு சேனலுக்கு 25 வாட்ஸ், ரெண்டு சேனல். கூட ஆள் இடுப்பு உயரத்துக்கு ரெண்டு மரப் பாக்ஸ்.

அதுக்குன்னு அப்பாகிட்ட ஒரு டப்பா நிறைய கேசட். கடையில ரெடிமேடா வாங்கினது கம்மி. பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் கடையில கொடுத்தா, 60 நிமிஷ கேசட்லயோ 90 நிமிஷ கேசட்லயோ பதிஞ்சு தருவாங்களே, அந்த மாதிரி. 1978ல வந்த 'ப்ரியா' படத்துப் பாட்டுல இருந்துதான் அவரோட முதல் கேசட் ஆரம்பிக்கும். "இது ஸ்டீரியோல பதிஞ்சதுடா, ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல உட்காரு"ன்னு சின்ன வயசுல என்னைப் பிடிச்சு உட்கார வைப்பாரு.

2014ல காட்டுப்பாக்கத்துக்கு மாறி வந்தப்ப செட்டு பரண் மேல போச்சு. அதுக்கப்புறம் இறங்கல. அப்பாவும் கேட்கல. 2019ல ரிட்டையர் ஆனாரு. ஃபோன்ல பாட்டு போட்டுக் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல "போதும்டா"ன்னு திருப்பிக் கொடுத்துடுவாரு. "இப்பெல்லாம் பாட்டே நல்லா இல்ல"ன்னு ஒரு வரி. வயசாயிடுச்சு, ஆர்வம் போயிடுச்சுன்னு நாங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டோம்.

போன வருஷம் அக்கா ஊருக்கு வந்தப்ப அவளோட பழைய ஐபாட் கிளாசிக்கை என்கிட்ட கொடுத்துட்டுப் போனா. முதல் சம்பளத்துல வாங்கினது. உள்ள பார்த்தா 'அப்பா கேசட் 1', 'அப்பா கேசட் 2'ன்னு பதினாலு பிளேலிஸ்ட். கேசட் அட்டையில அப்பா எழுதியிருந்த அதே வரிசையில பாட்டு அடுக்கி வெச்சிருக்கா. சரி, இதை அந்தப் பழைய செட்ல பாட விட்டே ஆகணும்னு பரண்ல ஏறினேன்.

மூணு தப்பு

செட்டை இறக்கினதும் நேரா பிளக்ல சொருகாதீங்க. நான் பண்ணாத ஒரே தப்பு அதுதான். பத்து வருஷம் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபையர்ல பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும். போரூர்ல ஒரு மெக்கானிக்கிட்ட கொடுத்தேன். ரெண்டு பெரிய கெப்பாசிட்டர் மாத்தி, வால்யூம் கன்ட்ரோல்ல கான்டாக்ட் கிளீனர் அடிச்சுக் கொடுத்தாரு. வால்யூம் திருப்பும்போது வர்ற 'கர்கர்' சத்தம் போயிடுச்சு.

முதல் தப்பு: புளூடூத். எதுக்கு ஒயர்னு ஒரு சின்ன ரிசீவர் வாங்கி, ஃபோன்ல இருந்து பாட்டு போட்டுப் பார்த்தேன். அந்த ரிசீவருக்கு ஃபோன் சார்ஜர்ல இருந்து கரண்ட். போட்டதும் பாட்டுக்கு அடியில இந்தச் சத்தம்.

(ஹம் சத்தம், 5 நொடி)

கேட்டுச்சா? நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒயரிங்ல கிரவுண்ட் ரெண்டு வழியா சுத்தி வந்தா அந்த 50 ஹெர்ட்ஸ் ஆடியோல ஏறிக்கும். சார்ஜரோட இரைச்சலும் கூடச் சேரும். புளூடூத்தோட சாதாரண எஸ்பிசி கோடெக் நொடிக்கு 328 கிலோபிட் வரைக்கும் அனுப்பும், அது ஒண்ணும் மோசம் இல்ல. என் வீட்ல பிரச்சினை பண்ணது காத்துல போன பாட்டு இல்ல, சுவத்துல சொருகின சார்ஜர். அதனால ரிசீவரை ஓரமா வெச்சுட்டு ஐபாடை ஒயர்லயே மாட்டலாம்னு முடிவு பண்ணேன். பேட்டரியில ஓடுற பிளேயர், சார்ஜர் மாட்டாம இருந்தா இந்த ஹம் வர வழியே இல்ல.

ரெண்டாவது தப்பு: சாக்கெட் மாறிப் போச்சு. செட்டு பின்னாடி எழுதியிருந்ததெல்லாம் அழிஞ்சிருந்துச்சு. குத்துமதிப்பா ஒரு ஜோடியில சொருகினேன். பாக்ஸ் ரெண்டும் அலறிடுச்சு. அது போனோ இன்புட், அதாவது இசைத்தட்டு பிளேயருக்கானது. இசைத்தட்டு ஊசியில இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். ஐபாட் ஹெட்ஃபோன் ஜாக்ல இருந்து ஃபுல் வால்யூம்ல சுமார் 1 வோல்ட் வரும். 5 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவன் வாயில 200 மடங்கு ஊத்தினா என்ன ஆகும்? அதான் ஆச்சு. ஆக்ஸ், டேப், ட்யூனர், சிடி, இதுல எதுல வேணா சொருகலாம். போனோல மட்டும் கூடாது. எழுத்து அழிஞ்சிருந்தா வால்யூமை ஜீரோல வெச்சுட்டு மெதுவா ஏத்திப் பாருங்க.

மூணாவது தப்பு: வால்யூம். ஐபாட்ல பாதி, ஆம்ப்ளிஃபையர்ல முக்கால். பாட்டு வந்துச்சு, ஆனா பின்னாடி 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல். ஆம்ப்ளிஃபையருக்கு எது பாட்டு, எது இரைச்சல்னு தெரியாது. வர்றதை எல்லாம் சேர்த்துப் பெருக்கும். அதனால பிளேயர்ல இருந்து சிக்னல் நல்லா வலுவா வரணும், பெருக்குறது கம்மியா இருக்கணும். பிளேயர்ல 85, 90 சதவீதம் வைங்க, அதுல இருக்கிற ஈக்வலைசரை ஆஃப் பண்ணுங்க, மீதியை ஆம்ப்ளிஃபையர்ல அட்ஜஸ்ட் பண்ணுங்க.

ஒரே ஒரு கேபிள்

கடைசியில தேவைப்பட்டது ஒரு கேபிள்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "ஈபி ஸ்டீரியோ டு ரெண்டு ஆர்சிஏ"ன்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. ஒரு பக்கம் 3.5 எம்எம் பின், இன்னொரு பக்கம் சிவப்பும் வெள்ளையும். சிவப்பு வலது, வெள்ளை இடது. தங்க முலாம் பூசினது, ஆக்சிஜன் இல்லாத காப்பர்னு ஆயிரக்கணக்குல விலை சொல்ற கேபிள் ஒண்ணரை மீட்டருக்குத் தேவையே இல்ல. பின் ஆடாம இறுக்கமா நிக்குதான்னு மட்டும் பாருங்க.

பழைய ஐபாட் வெச்சிருக்கவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. கீழ இருக்கிற 30 பின் டாக் கனெக்டர்ல லைன் அவுட் தனியா இருக்கு. அது வால்யூம் கன்ட்ரோலைத் தாண்டி, எப்பவும் ஒரே அளவுல சிக்னல் கொடுக்கும். அதுக்கான கேபிள் கிடைச்சா அதையே போடுங்க. நான் அதைத்தான் போட்டேன். ஃபோன்ல ஹெட்ஃபோன் ஜாக் இல்லன்னா டைப் சி டாங்கிள் ஒண்ணு. அந்த டாங்கிளுக்குள்ள இருக்கிறதும் ஒரு டிஏசிதான். டிஏசின்னா டிஜிட்டல் எண்களை மின்சார அலையா மாத்துற சிப். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுலயே முடிஞ்சுது. முதல்ல டாங்கிளைப் போட்டுக் கேளுங்க, அதுல குறைன்னு உங்க காதுக்குப் பட்டா அப்புறம் செலவு பண்ணுங்க.

அந்த கிட்டார் எங்க போச்சு?

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 'அப்பா கேசட் 1' ஓட விட்டேன். அம்மா சமையல்கட்டுல இருந்து கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. அப்பா வாசல்ல பேப்பர் படிச்சிட்டிருந்தவரு உள்ள வந்து, சின்ன வயசுல என்னை உட்கார வெச்ச மாதிரி, ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரு. நாலு பாட்டு. ஒரு வார்த்தை பேசல. அஞ்சாவது பாட்டுல நெத்தியைச் சுருக்கிட்டு கேட்டாரு: "ஏன்டா, இதுல ஒரு கிட்டார் வருமே. எங்க போச்சு?"

எனக்கு கிட்டார் நல்லாவே கேட்குது. இடது பாக்ஸ்ல இருந்து.

நம்ம புத்தி எப்படிப் போகும்? கேபிள்ல லூஸ் கான்டாக்ட். ஆட்டிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் ஆபீஸ்ல பக் தேடுற மாதிரி ஒரு டெஸ்ட். சிவப்பு, வெள்ளை ரெண்டையும் கழட்டி மாத்திச் சொருகினேன். இடது சேனல் இப்ப வலது பாக்ஸ்ல வரும்.

"ஆங், இப்ப கிட்டார் வருது," அப்படின்னாரு அப்பா. கொஞ்ச நேரத்துல, "ஆனா வயலின் போயிடுச்சே?"

வயலின் இப்ப இடது பாக்ஸ்ல. எனக்கு அதுவும் கேட்குது. சேனலை மாத்தினாலும் இடது பக்கம் வர்றதுதான் அவருக்கு இல்லாம போகுது. பாக்ஸ்ல கோளாறுன்னா எனக்கும் கேட்கக் கூடாதே. கேபிள், ஆம்ப்ளிஃபையர், பாக்ஸ், எல்லாமே சரியா இருக்கு. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

என் ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டி, இடது பக்கம் மட்டும் பாட்டு விட்டேன்.

"போட்டியாடா?" அப்படின்னாரு.

பாட்டு ஓடிட்டு இருந்துச்சு மக்களே.

ஆடியோகிராம்

அந்த வாரமே ஈ.என்.டி. டாக்டர்கிட்ட போனோம். கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சு 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சத்தமா கொடுத்து எடுத்தாங்க. அந்த கிராஃபைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுது, தினமும் ஈக்வலைசர் பார்க்கிறவன்தானே. கீழ் ஸ்தாயி சுமாரா இருக்கு. மேல போகப் போகச் சரிஞ்சு, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளம். ரெண்டு காதுலயும். இடது காதுல ரொம்ப ஆழமா. சத்தமான இடத்துல வருஷக்கணக்கா வேலை பார்த்தவங்க காதுல அந்த 4000 பள்ளம்தான் முதல்ல விழுமாம். உள்காதுல இருக்கிற மெல்லிய முடி செல்கள் செத்துப் போறது. திரும்ப முளைக்காது.

ஃபேக்டரி விதிகள்ல 8 மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. அப்பாகிட்ட "காதுல ஏதாவது மாட்டிப்பீங்களாப்பா?"ன்னு கேட்டேன். "பஞ்சு வெச்சுப்போம். சூப்பர்வைசர் கூப்பிடுறது கேட்கலன்னா திட்டு விழும், எடுத்துடுவோம்" அப்படின்னாரு.

இப்ப பின்னாடி திரும்பிப் பார்த்தா எல்லாம் பொருந்துது. ஃபோன் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது, கீழ் ஸ்தாயி அதுல வராது. அப்பா காதுல மேல் ஸ்தாயி நுழையாது. ஃபோன் கீழ வெட்டுது, காது மேல வெட்டுது, நடுவுல மிஞ்சுறது ஒரு கீச்சுச் சத்தம். அதைத்தான் "பாட்டே நல்லா இல்ல"ன்னு சொல்லிட்டிருந்தாரு. பழைய செட்ல கீழ் ஸ்தாயி முழுசா வந்ததும் பாதிப் பாட்டாவது திரும்பி வந்துச்சு, அதனாலதான் நாலு பாட்டு உட்கார்ந்தாரு.

இன்னொண்ணு. நாங்க மெதுவா பேசினா "என்ன?"ம்பாரு. சத்தமா பேசினா "ஏன்டா கத்துற?"ம்பாரு. வீட்ல இதுக்கு எத்தனை சண்டை! வேணும்னே பண்றாருன்னு அம்மாவுக்குக் கோபம். உள்காது பாதிச்சவங்களுக்கு மெல்லிசான சத்தம் கேட்காது, ஆனா பெரிய சத்தம் நமக்கு இருக்கிற அளவுக்கே பெருசா இருக்கும், சில சமயம் வலிக்கும்னு டாக்டர் சொன்னாங்க. அம்மா அன்னைக்கு ஆட்டோல வர்ற வழி முழுக்கப் பேசல.

ரெண்டு ரெசிஸ்டர்

காது மெஷின் போட்டுக்கச் சொன்னாங்க. அப்பா ஒத்துக்கல. "அதெல்லாம் கிழவனுங்க போடுறது." அதுல நான் அப்ப எதுவும் பண்ண முடியல. பாட்டுல பண்ண முடியும்.

அவருக்கு ஸ்டீரியோ ஒரு நஷ்டம். ஒரு பக்கம் போற இசை அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. ரூம்ல ரெண்டு பாக்ஸும் ரெண்டு காதுக்கும் கேட்கும்தான், ஆனா மேல் ஸ்தாயியைத் தலையே மறைச்சிடும், கிட்டார் தந்தியைச் சுண்டுற அந்தத் துல்லியம் நல்ல காதுக்குச் சுத்தி வராது. அப்ப தீர்வு மோனோ. ரெண்டு சேனலையும் கலந்து ரெண்டு பாக்ஸ்லயும் ஒரே பாட்டு. ஃபோன்ல இது சுலபம்: ஆண்ட்ராய்டுலயும் ஐஃபோன்லயும் அக்சசிபிலிட்டி செட்டிங்ஸ்ல 'மோனோ ஆடியோ'ன்னு ஒரு பட்டன் இருக்கு. என் ஐபாட்ல அது இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கை. இடது, வலது ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி ஒண்ணாக்கிடாதீங்க. ஒரு சேனலோட அவுட்புட் இன்னொண்ணோட அவுட்புட்டோட மல்லுக்கு நிக்கும், சத்தம் சிதையும், பிளேயருக்கும் நல்லதில்ல. ஒவ்வொரு சேனலுக்கும் நடுவுல ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதுக்கப்புறம் சேர்க்கணும். ரெண்டு ரெசிஸ்டர், ஒரு சின்ன ஸ்விட்ச், ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரு டீ காசுதான் ஆச்சு. ஸ்விட்சை மேல தள்ளினா எனக்கு ஸ்டீரியோ, கீழ தள்ளினா அப்பாவுக்கு மோனோ.

அடுத்து நாற்காலியை நகர்த்தினேன். நடுவுல இருந்து எடுத்து, வலது காது பாக்ஸைப் பார்க்கிற மாதிரி சாய்ச்சுப் போட்டேன். ட்ரெபிள் கொஞ்சம் ஏத்தினேன். ரொம்ப ஏத்தினா வலிக்கும், அதனால அவர் கையிலயே விட்டுட்டேன். இன்ஜினியரிங் படிச்சு நான் கத்துக்கிட்ட ஆடியோ விதி எல்லாம் அந்த ஹால்ல தலைகீழாப் போச்சு. நாற்காலி நடுவுல இல்ல, ஸ்டீரியோ இல்ல, டோன் கன்ட்ரோல் நேரா இல்ல. ஆனா அஞ்சாவது பாட்டு வந்தப்ப அப்பா கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு. கிட்டார் வர்ற இடத்துக்கு அரை நொடி முன்னாடியே விரலைத் தூக்கிக் காட்டினாரு. அதுக்கப்புறம் வயலின் வர்ற இடத்துலயும்.

ஒரு மாசம் தினமும் சாயங்காலம் அப்படிப் போச்சு. ஒருநாள் பாட்டு முடிஞ்சதும் அவரே கேட்டாரு: "அந்த மெஷின் போட்டா, நீங்க பேசுறதும் இந்த மாதிரி கேட்குமாடா?" முழுசா இந்த மாதிரி இருக்காதுப்பா, பழக கொஞ்ச நாள் ஆகும்னு உண்மையைச் சொன்னேன். ட்ரயல்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். காலையில போட்டுக்கிறாரு, மத்தியானம் கழட்டிடுறாரு. குக்கர் விசில் அடிச்சா திட்டுறாரு. போயிட்டு இருக்கு.

உங்களுக்கு

கனெக்ட் பண்றவங்களுக்கு சுருக்கமா: ஈபி டு ஆர்சிஏ கேபிள், ஆக்ஸ் இன்புட், பிளேயர்ல வால்யூம் அதிகம், செட்ல கம்மி, ஹம் வந்தா முதல்ல சார்ஜரைக் கழட்டுங்க. அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது ரெண்டு இருக்கு. சவுண்ட் நல்லா இல்லன்னு யாராவது சொன்னா, நாம ஃபைலைப் பார்ப்போம், கேபிளைப் பார்ப்போம், ஸ்பீக்கரைப் பார்ப்போம். அந்த ஒயர் முடியுற இடம் ஸ்பீக்கர் இல்ல, காது. வீட்ல பெரியவங்க திடீர்னு பாட்டு கேட்குறதை நிறுத்திட்டா, டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போனா, ஒருவாட்டி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. எங்க வீட்ல அதுக்கு வருஷக்கணக்குல லேட் ஆயிடுச்சு.

ரெண்டாவது, இதை நீங்க இயர்போன்ல கேட்டுட்டிருக்கீங்க, எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினா கேட்கலாம்கிற நேரம் பாதியாகும். கிண்டியில ட்ரெயின் சத்தத்தை மிஞ்சணும்னு வால்யூமை ஏத்துறப்ப, எங்க அப்பா பிரஸ் மெஷினை நினைச்சுக்கோங்க. அவருக்கு அது வேலை, வேற வழி இல்லாம இருந்துச்சு. நமக்கு அங்க ஒரு பட்டன் இருக்கு.

இப்ப ரெண்டு புள்ளி குறைச்சீங்களா?